விதி வலியது... அதிலும் ஓம் விதி!

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஜாதகம் பார்க்கிறோம். மிக்ஸிக்குப் பார்ப்பதில்லை. இத்தனைக்கும் மின்சாரச் சாமான் ஒவ்வொன்றும் ஜாதகத்தோடுதான் பிறக்கிறது. தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். எறும்பு எழுத்தில் இத்தனை வோல்ட், இத்தனை வாட் என்று போட்டிருக்கும். கலர் என்ன, இ.எம்.ஐ. எத்தனை மாசம், கூட ஹாட் பாக்ஸ் இலவசம் உண்டா என்றெல்லாம் கடைக்காரரைக் குடைகிற நாம் அதை மட்டும் படிப்பதில்லை. படிக்கிற ஒரே சந்தர்ப்பம், சாமான் ரிப்பேராகி, சர்வீஸ் சென்டர்காரர் போனில் "மாடல் நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்கும்போதுதான்.

போன வாரம் வருமான வரி பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நாலாவது பாராவில் தூங்கிப் போனதாக ஒரு வாசகர் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஆகவே இந்த வாரம் கொஞ்சம் ஷாக் கொடுக்கலாம் என்று உத்தேசம்.

'நீ பி.காம். ஆச்சே, உனக்கு எதுக்குய்யா கரண்ட் சமாசாரம்?' என்று கேட்கலாம். நியாயம்தான். நான் படித்த காலத்தில் வாட் என்றால் விற்பனை வரி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வாட் பெட்ரோல், மது மாதிரி சில ஐட்டங்களோடு ஒதுங்கிக்கொண்டது. இந்த வாட் அப்படி ஒதுங்காது. வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கிறது. தவிர, இதற்குத் தேவை ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல். இரண்டும் காமர்ஸ்காரன் சொத்து.

மளிகைக் கடை பாஷையில் சொல்கிறேன். வோல்ட் என்பது விலை. ஆம்பியர் என்பது எத்தனை கிலோ. இரண்டையும் பெருக்கினால் வருகிற பில் தொகைதான் வாட். 230 ரூபாய் விலையில் 6 கிலோ வாங்கினால் 1,380 ரூபாய். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுத்தால் 1,380 வாட். (இந்த 1,380-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

இன்னொரு ஆசாமி, ஓம். அவருக்கு மளிகைக் கடை போதாது, தியேட்டருக்குப் போக வேண்டும். முதல் நாள், முதல் காட்சி. பின்னாலிருந்து கூட்டம் தள்ளுகிற வேகம் வோல்ட். நிமிஷத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பது ஆம்பியர். கேட் எவ்வளவு குறுகல் என்பது ஓம். தள்ளுமுள்ளு அதிகமானால் அதிகம் பேர் உள்ளே போவார்கள். கேட் குறுகினால் குறைவாகப் போவார்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். விதி இவ்வளவுதான்.

இந்த இரண்டு வரியைக் கண்டுபிடித்தவருக்கு மாலை மரியாதை நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஜார்ஜ் சைமன் ஓம் 1789-ல் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுத் தொழிலாளி. மகன் கொலோன் நகரத்தில் பள்ளி வாத்தியார். அந்தக் காலத்து பேட்டரியில் வோல்ட்டேஜ் ஒரு நிலையில் நிற்காது. அதனால் பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த இணைப்பில் ஒரு முனையைக் கொதிக்கிற தண்ணீரிலும் மறுமுனையை ஐஸிலும் வைத்து, ஆடாமல் அசையாமல் வருகிற சின்ன வோல்ட்டேஜைத் தயார் செய்தார். விதவிதமான நீளத்தில் கம்பிகளை மாட்டி அளந்தார். 1827-ல் புத்தகமாகப் போட்டார். சொந்த ஊரில் வரவேற்பு பூஜ்யம். கொலோன் வேலையும் போச்சு. 1833-ல் நூரம்பர்க்கில் ஒரு வேலை கிடைக்கிற வரை கஷ்ட ஜீவனம். 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி மெடல் கொடுத்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆசைப்பட்ட மாதிரி மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது 1852-ல். 1854-ல் இறந்துவிட்டார். 1881-ல் பாரிஸ் மாநாட்டில் எதிர்ப்பின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மனிதர் வாழ்க்கை பூரா சந்தித்ததும் எதிர்ப்புதானே, பொருத்தமான பெயர். இன்க்ரிமென்ட் ஒரு வருஷம் தள்ளிப்போனதற்கு ராஜினாமா எழுதுகிற நண்பர்கள் இவர் படத்தை மேஜையில் வைத்துக்கொள்ளலாம்.

தியரி முடிந்தது. இனி பிராக்டிகல். திருவல்லிக்கேணிக்கு வாருங்கள்.

அங்கே ஒரு மேன்ஷனில் சில வருஷங்கள் ஜாகை இருந்தேன். பக்கத்து ரூமில் ஒரு மெடிக்கல் ரெப். மார்கழியில் சென்னை குளிர்கிறது என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் நண்பருக்கு சைனஸ். 1,500 வாட் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கி வந்தார். அதன் பிளக்கில் பின்கள் விரல் மொத்தம். ரூமில் இருந்ததோ சின்ன ஓட்டை பிளக் பாயிண்ட். கவலை எதற்கு? பெரிய பின்னைச் சின்ன ஓட்டையில் நுழைக்க ஒரு கன்வர்ஷன் பிளக்கைக் கடையில் விற்கிறார்களே! அதை மாட்டி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, பாக்ஸைச் சுவரில் சொருகி, பக்கெட்டில் ராடைப் போட்டார். பாக்ஸின் மற்ற ஓட்டைகளில் டேபிள் ஃபேன், லேப்டாப், இரண்டு போன் சார்ஜர். கூட்டுக் குடும்பம்.

பத்து நாளில் அவருக்கு ஒரு சந்தேகம். "தண்ணி சுட லேட் ஆகுது. ஆயிரத்தைநூறுன்னு சொல்லி டூப்ளிகேட் ராடைத் தலையில் கட்டிட்டான்" என்றார். வேறு வேலையாக மேன்ஷனுக்கு வந்திருந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கையோடு ரூமுக்குக் கூட்டி வந்தோம். ஐம்பது வயசிருக்கும். இடுப்பில் டெஸ்டர், தோளில் பை, பையில் மல்ட்டிமீட்டர், அப்புறம் டாங் டெஸ்டர். நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். ஒயரை வெட்டாமல் சும்மா கவ்வினாலே உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும்.

மற்ற எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார். ராடு மட்டும் ஓடியது. ஸ்விட்ச் போர்டைக் கழற்றி ஒரே ஒரு ஒயரை மட்டும் கவ்வினார்.

"ஏண்ணே, ரெண்டு ஒயர் இருக்கே?"

"ரெண்டையும் சேத்துக் கவ்வுனா சைபர் காட்டும் தம்பி. ஒண்ணுல போறது இன்னொண்ணுல திரும்பி வந்துடுதுல்ல? கழிச்சுக்கிட்டா கணக்கு சைபர்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. டெபிட்டும் கிரெடிட்டும் டாலி ஆவதை ஒரு ஒயரில் வைத்துக் காட்டுகிறார்! (இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.)

மீட்டர் காட்டிய எண்கள் மூன்று. ஓடுகிற கரண்ட் 6 ஆம்பியர். சுவர் பாயிண்ட்டில் வோல்ட்டேஜ் 216. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், ராடு சொருகியிருந்த இடத்துக்குப் பக்கத்து ஓட்டையில் 210. நான் போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.

முதல் கணக்கு, ராடு டூப்ளிகேட்டா? 210-ஐ 6-ஆல் வகுத்தால் 35 ஓம். ஜாதகத்தில் என்ன இருக்கிறது? 230 வோல்ட்டில் 1,500 வாட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 1,500-ஆல் வகுத்தால் 35-க்கு ஒரு துளி மேலே. ஆக, ராடு சுத்த அக்மார்க். கடைக்காரர் நிரபராதி.

அப்புறம் ஏன் லேட்? 210 × 6 = 1,260 வாட். 240 வாட்டைக் காணோம். வோல்ட்டேஜ் குறைந்தது 9 சதவிகிதம்தான். வாட் குறைந்ததோ 16 சதவிகிதம். காரணம், வோல்ட்டேஜ் குறைந்தால் அதோடு சேர்ந்து கரண்ட்டும் குறைகிறது. விலையும் இறங்கி, விற்பனையும் இறங்கினால் வியாபாரம் எப்படிப் படுக்கும்? அதே கதை. 20 லிட்டர் தண்ணீரை 20 டிகிரி சூடேற்ற 1,500 வாட்டில் 19 நிமிஷம் போதும். 1,260 வாட்டில் 22 நிமிஷம். பக்கெட் வழியாகப் போகிற சூடு தனிக் கணக்கு. லோ வோல்ட்டேஜ் நாளில் சாயங்காலம் கெட்டில் தூங்கி வழிவதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது கணக்குதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. சுவரில் 216, பாக்ஸில் 210. நடுவில் 6 வோல்ட் எங்கே போச்சு? ஒயரிலும் பின்னிலும். 6 வோல்ட்டை 6 ஆம்பியரால் வகுத்தால் 1 ஓம். ஒரே ஒரு ஓம்! யாராவது லட்சியம் செய்வார்களா? ஆனால் பெருக்கிப் பாருங்கள். 6 × 6 = 36 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைவிட அதிகமான சூடு, அந்த எக்ஸ்டென்ஷன் ஒயருக்குள்ளும் பின்னுக்குள்ளும் தினம் காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது. ஒயர் நீளத்துக்கும் பரவினால் தேவலை. லூஸான பின் ஒன்றின் நுனியில் அதில் பாதி குவிந்தாலும் போதும், பிளாஸ்டிக் தாங்காது.

அண்ணன் ஸ்க்ரூவைக் கழற்றி பாக்ஸைத் திறந்தார். உள்ளே பித்தளைப் பட்டை காப்பிக் கலரில் இருந்தது. ஒரு ஓட்டையின் ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. "மூணு நாளா ஒரு கருகின வாசனை. கீழே மெஸ்ஸில் சாம்பார் அடி பிடிக்குதுன்னு நினைச்சேன்" என்றார் மெடிக்கல் ரெப் மெல்லிய குரலில்.

"ஃபியூஸ் போகலையே அண்ணே?"

"அது எதுக்குப் போவணும்? ஓடறது ஆறு. அதுக்கு எல்லாம் சரியாத்தான் கீது."

இது ரொம்ப முக்கியம். ஃபியூஸும், அதன் நவீன அவதாரமான எம்.சி.பி.யும் எத்தனை ஆம்பியர் போகிறது என்று மட்டும்தான் பார்க்கும். அது எந்த மூலையில் சூடாகிறது என்று பார்க்காது. செலவு லிமிட்டுக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற கேஷியர் மாதிரி. பணம் எங்கே போகிறது என்பது அவர் டிபார்ட்மென்ட் இல்லை. தவிர, சூடானால் உள்ளே ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் ஓம் ஏறும். ஓம் ஏறினால் சூடு ஏறும். இன்னும் தளரும். கூட்டு வட்டி. மீட்டர் வட்டிக்காரர்கூட இவ்வளவு வேகமாக வளர்க்க மாட்டார்.

இப்போது அந்த 1,380. சின்ன பின் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு. 230-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அதுதான் அந்த ஓட்டையின் மொத்த பட்ஜெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு ஓட்டை இருந்தால் பட்ஜெட் ஆறு மடங்கு ஆகாது. ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு ஆள் சம்பளம் ஆறு சம்பளம் ஆகிவிடுமா? பெரிய பின் பாயிண்ட் 16 ஆம்பியர், 3,680 வாட். கெட்டில், ராடு, அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு என்று சூடு பண்ணுகிற சாமான் எதுவாக இருந்தாலும் ஜாதகத்தைத் திருப்பிப் பாருங்கள். 1,000-ஐத் தாண்டினால் நேராகச் சுவரில் உள்ள பெரிய பாயிண்ட். பின் பெரிதாக இருப்பதே ஒரு எச்சரிக்கைதான். கன்வர்ஷன் பிளக் அந்த எச்சரிக்கையின் வாயைப் பொத்துகிறது.

(ஃபேன், ஃப்ரிட்ஜ், ஏ.சி. மாதிரி மோட்டார் சாமான்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது மொத்தத் தொகை. பவர் ஃபேக்டர் என்று ஒரு கழிவு போய்த்தான் அசல் வாட். சூடு பண்ணுகிற சாமானில் கழிவு கிடையாது.)

சரி, உயிர் சமாசாரத்துக்கு வருவோம்.

ஓமுக்கு முன்னாலேயே, 1781 வாக்கில், இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் கிட்டத்தட்ட இதே விதியைப் பிடித்துவிட்டார். அவரிடம் மீட்டர் கிடையாது. தன் உடம்பையே மீட்டராக்கி, ஒவ்வொரு தடவையும் ஷாக் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டார். பரம கூச்ச சுபாவம், வெளியிடவில்லை. 1879-ல் மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தேடிப் பதிப்பித்தபோதுதான் ஊருக்குத் தெரிந்தது. நாம் கேவண்டிஷ் ஆக வேண்டாம். பேப்பரிலேயே கணக்குப் போடலாம்.

உடம்புக்கும் ஓம் உண்டு. நன்றாகக் காய்ந்த தோல் லட்சம் ஓம் வரைகூடக் காட்டும். குளித்துவிட்டு ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்கும்போது சுமார் 1,000 ஓம்தான். லட்சாதிபதி ஒரு சொம்புத் தண்ணீரில் ஆயிரத்துக்கு வந்துவிடுகிறார். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர். 30-ஐத் தாண்டினாலே ஆபத்து எல்லை. சில நொடிகள் நீடித்தால் இதயத்தின் தாளம் தப்பிவிடும். ஒரு பழைய சீலிங் ஃபேன் ஓடுவதற்குத் தேவையான கரண்ட்கூட வேண்டாம், ஒரு ஆளைச் சாய்க்க.

இப்போது ஃபியூஸ் காப்பாற்றுமா? அதன் லிமிட் 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். நம் வழியாகப் போவது 230. அதற்கு இது சில்லறை. நாம் துடித்துக்கொண்டிருப்போம், ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது.

டெஸ்டரைப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் மாதிரி, தலையில் விரலை வைத்தால் சின்ன பல்பு எரியுமே, அதேதான். அது எரிகிறபோது கரண்ட் உங்கள் உடம்பு வழியாகத்தான் போகிறது! பயப்படாதீர்கள். உள்ளே சுமார் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கிறது. 230-ஐப் பத்து லட்சத்தால் வகுத்தால் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. ஈரக் கையில் பாய்வதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் நின்று காப்பாற்றுவது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு உருப்படி.

ஃபியூஸ் கைவிட்ட இடத்தில் வருகிறார் ஆர்.சி.சி.பி. பெயர் வாயில் நுழையாது. எங்கள் பாஷையில், ஆடிட்டர். அந்த டாங் டெஸ்டர் விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் டாலி ஆனால் சைபர். இவர் வேலை ராப்பகலாக அந்த டாலியைப் பார்ப்பதுதான். போனது 6.000, திரும்பியது 5.970 என்றால் 30 மில்லி ஆம்பியர் எங்கே? யாரோ ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகிறது! கண் இமைப்பதற்குள் மெயினை வெட்டிவிடுவார். தொகை பெரிதா சிறிதா என்பது பிரச்னை இல்லை. கணக்கு இடிக்கிறது, கடையைச் சாத்து.

ஆடிட்டருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டு, ரப்பர் செருப்போடு நின்றால் போனது அப்படியே திரும்பிவிடும். இரண்டு பக்கமும் பொய் என்ட்ரி போட்ட கணக்கு மாதிரி டாலி ஆகும். அவர் பேசாமல் இருந்துவிடுவார். ஆகவே ஆடிட்டர் இருக்கிறார் என்று ஆட்டம் போடக் கூடாது. ஹீட்டர் ராடு போட்ட பக்கெட்டில், சுட்டாச்சா என்று விரலை விட்டுப் பார்க்கிற வீரர்களே, முதலில் ஸ்விட்ச், அப்புறம் பிளக், அதற்கப்புறம் விரல்.

கொஞ்சம் காசு கணக்கு. வாட்டை நேரத்தால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் யூனிட். பள்ளிக்கூடத்துத் தனிவட்டி மாதிரி. அதே மேன்ஷனில், அயர்ன் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் மாசம் 300 ரூபாய் அதிகம் தர வேண்டும் என்று ஒருமுறை மேனேஜர் போர்டு மாட்டினார். என்னுடையது 750 வாட். தினம் 10 நிமிஷம் தேய்த்தால் மாசம் 5 மணி நேரம். 0.75 × 5 = 3.75 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் 37 ரூபாய் 50 காசு. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, "படிச்சவங்களை ரூமில் வைக்கக் கூடாது" என்றார். போர்டு மட்டும் மறுநாள் இல்லை.

ஆக, இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, உங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குகிற சாமான்களின் வாட்டைக் கூட்டுங்கள். 1,380-ஐத் தொட்டால் ஒன்றைப் பிடுங்குங்கள். இரண்டு, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஸ்விட்சை அணைத்துவிட்டு, பிளக்கைக் காய்ந்த கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, 'ஆ' என்று கையை எடுத்தால் பாக்ஸை மாற்றுங்கள். மூன்று, மெயின் போர்டில் 'டெஸ்ட்' என்று பட்டன் உள்ள ஆடிட்டர் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மாசம் ஒரு தடவை அழுத்துங்கள்; 'டக்'கென்று விழுந்தால் டியூட்டியில் இருக்கிறார். இல்லாவிட்டால் ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள். மசிய மாட்டார்; சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கேட்டதற்கே மசியவில்லை. ஆனாலும் கேளுங்கள். போர்டு மூடியைக் கழற்றுகிற வேலை மட்டும் எலெக்ட்ரீஷியனுடையது. நம்முடையது பெருக்கலும் வகுத்தலும்.

தலைவிதியை மாற்ற முடியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓம் விதியையும் மாற்ற முடியாது. ஒரே வித்தியாசம், இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஜோசியருக்கு தட்சணையும் கிடையாது.